அசலா, வார்ப்பா, பிரிண்டா? ஒரு ரூமுக்கு கடல்பல்லி புடிச்ச கதை

போன வாரம் இரணியல் பக்கத்துல உள்ள ஒரு ஸ்கூல் டீச்சர் போன் பண்ணி, "சார், எங்க ஸ்கூல்ல ஒரு ரூம் சும்மா கெடக்கு, பழைய காலத்து கடல் பிராணிகளுக்க ஃபாசில் கொஞ்சம் வாங்கி வைக்கலாம்னு ஹெச்.எம். சொல்லுகாங்க, அசல் வாங்கணுமா, போலி போதுமா, இப்ப 3டி பிரிண்டுன்னு வேற சொல்லுகாங்களே"ன்னு கேட்டாங்க. இதே கேள்விய ரெண்டு வருஷத்துல மூணு பேரு கேட்டாச்சு. ஒவ்வொருத்தருக்கும் முக்கால் மணி நேரம் பேசி தொண்டை கட்டிப் போனதுதான் மிச்சம், அதான் ஒரேயடியா எழுதி வச்சிருவோம்னு உக்காந்தேன்.

நான் மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு காலேஜ்ல சின்ன மியூசியத்த பாத்துக்கிடுகேன், பதினாலு வருஷமாச்சு. வாசல் போர்டுல காப்பாட்சியர்னு போட்டிருக்கும், கேக்க கெம்பீரமா இருக்கும், ஆனா வேலை என்னன்னா தூசி தட்டுகது, லேபிள் எழுதுகது, டிராயர இழுத்து பூச்சி வந்திருக்கான்னு பாக்குகது, காலையிலயும் சாயங்காலமும் ஈரப்பதம் மீட்டர பாத்து நோட்டுல குறிக்குகது. அந்த நோட்டுதான் இந்தக் கட்டுரைக்கே ஆதாரம்னு வச்சுக்கிடுங்க.

முதல்ல ஒண்ணு. நம்ம மாவட்டத்துல தோண்டி எடுத்து வைக்கலாம்னு யாராவது நெனச்சா அத விட்டுருங்க. இங்க உள்ள பாறை பெரும்பாலும் சார்னோகைட், கோண்டலைட், பூமிக்கடியில வெந்து உருமாறி வந்தது, அதுல எலும்பும் சிப்பியும் எங்க தங்கும். மணவாளக்குறிச்சி மண்ணுல இல்மனைட் கெடைக்கும், மோனசைட் கெடைக்கும், கடல்பல்லி, அதாவது பழைய காலத்து கடல் ஊர்வன, கெடைக்காது. நமக்குப் பக்கத்துல உள்ள புதையல்னா அது அரியலூர், பெரம்பலூர் பக்கம்தான். 10 கோடி வருஷத்துக்கும் மேல இருந்து 6.6 கோடி வருஷம் வரைக்கும் கடல் ஏறி எறங்கி விட்டுட்டுப் போன படிவு. பிளான்ஃபோர்டுன்னு ஒரு புவியியல்காரர் 1862ல ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்னு மூணு அடுக்கா பிரிச்சு எழுதுனாரு, அவருக்குப் பொறவு ஸ்டோலிச்காங்கவர் அங்க உள்ள அம்மோனைட்டு (சுருள் ஓடு உள்ள, இப்ப அழிஞ்சு போன கடல் பிராணி), சிப்பி எல்லாத்தையும் ஒண்ணொண்ணா படம் போட்டு வெவரிச்சாரு, இப்பவும் ஆளுங்க அதத்தான் பொரட்டுகாங்க.

ஆனா நம்ம மாவட்டத்துல அம்மோனைட்டே கெடையாதுன்னு சொல்லவும் முடியாது பாத்துக்கிடுங்க. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் 16008 சாளக்கிராமம் சேத்து கடுசர்க்கரையில செஞ்ச விக்ரகம்னு சொல்லுவாங்கல்லா, சாளக்கிராமம்ங்கது நேபாளத்து கண்டகி ஆத்துல வாற அம்மோனைட் கல்லுதான். அந்தக் கணக்குப்படி பாத்தா எந்த மியூசியமும் பெருமாள் பக்கத்துல நிக்க முடியாது. சரி, அது கோயில் விஷயம், நம்ம ரூமுக்கு வருவோம்.

அசலப் பத்தி முதல்ல சொல்லுகேன், ஏன்னா எல்லாருக்கும் ஆசை அதுல தான். எனக்கும்தான். ஒரு சின்னப்பயலுக்க கையில அரியலூர் அம்மோனைட்ட வச்சு "இது டைனோசர் இருந்தப்ப கடல்ல கெடந்தது"ன்னு சொன்னா அவன் உடனே மோந்து பாப்பான். எல்லாப் பயலும் மோந்துதான் பாக்குகான், ஏன்னு எனக்கு இன்னும் புரியல. பிளாஸ்டிக்க எவனும் மோந்து பாக்கல.

அசலுக்கு வேற ஒரு குணம் உண்டு, அத வெளிய இருக்கவங்க அவ்வளவா யோசிக்கது இல்ல. அசல திரும்பப் போய்க் கேக்கலாம். 1979ல யாதகிரியும் அய்யாசாமியும் நம்ம தமிழ்நாட்டுக் கடல் படிவுல கெடைச்ச எலும்ப வச்சு திராவிடோசாரஸ்னு பேரு விட்டாங்க, முதுகுல தட்டு உள்ள ஸ்டெகோசார் ஜாதி டைனோசர்னு சொன்னாங்க. 1996ல சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் இது டைனோசரே இல்ல, பிளீசியோசார், அதாவது நீளக் கழுத்து உள்ள கடல் ஊர்வனன்னாங்க. பொறவு 2017ல இல்ல இல்ல இது டைனோசர்தான்னு மறுபடி ஒரு கட்டுரை. தகராறு தீரல. ஆனா எலும்பு இருக்கப் போய்தான இத்தனை பேரு தகராறு பண்ண முடிஞ்சு. வெறும் வார்ப்ப, அதாவது அசல்ல மோல்ட் எடுத்து அதுல பிளாஸ்டர் ஊத்துன நகல வச்சுக்கிட்டு உள்ள எலும்பு நரம்பு எப்படி ஓடுதுன்னு அறுத்துப் பாக்க முடியுமா?

அதே அரியலூர்ல கல்லமேடுன்னு ஒரு ஊரு. அங்க கெடைச்சத 1987ல பிருஹத்காயோசாரஸ்னு எழுதுனாங்க, இது கரையில நடந்த டைனோசர், கடல்பல்லி இல்ல, முழங்காலுக்குக் கீழ உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். உலகத்துலயே பெரிய பிராணிகள்ல ஒண்ணா இருக்கலாம்னு இப்பவும் பேசுகாங்க. எலும்பு எங்கன்னு கேட்டா இல்ல. பொடிஞ்சு போச்சு. இன்னைக்கு கையில உள்ளது அப்ப வரைஞ்ச படமும் கொஞ்சம் போட்டோவும்தான். அந்தக் காலத்துல அதுக்கு ஒரு நல்ல வார்ப்பு எடுத்து வச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நெனைக்காம எனக்கு ஒரு மழைக்காலமும் போகாது.

மழைக்காலம்னதும் எனக்க சொந்தக் கதை. நான் சேந்து மூணாவது வருஷம் ஒரு ரிட்டையர் ஆன பேராசிரியர் வெளிநாட்டுல இருந்து கொண்டுவந்த அம்மோனைட் ஒண்ண தந்தாரு, பைரைட்டா மாறுனது, அது இரும்பும் கந்தகமும் சேந்த தாது, பித்தளை மாதிரி மின்னும், எலுமிச்சங்காய் அளவு. நான் அத அழகா பஞ்சுல பொதிஞ்சு புது பிளைவுட் அலமாரியில மேல் தட்டுல வச்சேன், பூட்டுனேன், அந்த வருஷம் வேற வேலை கூடிப்போச்சு. ரெண்டு எடவப்பாதி தாண்டித் தொறந்தேன். தொறந்ததும் தீப்பெட்டி வாசம், கந்தகம். அம்மோனைட் மேல சாம்பல் கலந்த மஞ்சள் பொடி பூத்து நடுவுல ரெண்டா பொளந்து கெடக்கு, அடியில வச்சிருந்த லேபிள் காபி கொட்டுன மாதிரி கருகி தொட்டா நொறுங்குது, பஞ்சுல ஓட்டை. காத்துல உள்ள ஈரமும் ஆக்சிஜனும் சேந்து பைரைட்ட இரும்பு சல்ஃபேட்டாவும் கந்தக அமிலமாவும் மாத்திருச்சு. ஈரப்பதம் 60 சதவீதம் தாண்டுனா இது வேகம் புடிக்கும். எனக்க நோட்டுல ஜூன் ஜூலையில 60க்குக் கீழ உள்ள நாள விரல் விட்டு எண்ணலாம். அந்த சார் ஒரு தடவை வந்து "அம்மோனைட் எப்படிப்பா இருக்கு"ன்னு கேட்டப்ப நான் டீ வாங்கப் போறேன்னு வெளிய போனவன்தான்.

அதே அலமாரியில கீழ் தட்டுல இருந்த சங்கு, சிப்பிக்கு வேற சீக்கு. பிளைவுட்லயும் எம்.டி.எஃப்.லயும் இருந்து அசிட்டிக் அமில ஆவி, ஃபார்மிக் அமில ஆவி வந்துக்கிட்டே இருக்கும், அது சிப்பியில உள்ள சுண்ணாம்போட சேந்து மேல வெள்ளையா உப்பு பூக்கும். இதுக்கு பைன் நோய்னு பேரு, அந்த பைன்ங்கவரு 1899ல இது பாக்டீரியா வேலைன்னு தப்பா எழுதுனாரு, ஆனாலும் பேரு அவருக்கே நின்னுபோச்சு. ஆக அசல் வைக்கணும்னா அலமாரி பவுடர் கோட்டிங் அடிச்ச ஸ்டீல், உள்ள சிலிக்கா ஜெல், அதுவும் ஆரஞ்சு கலரு, நீலத்துல கோபால்ட் உண்டு பிள்ளைங்க இருக்க எடத்துல வேண்டாம். ஈரமாயிட்டா சூடு காட்டி திரும்பப் போடலாம். மீட்டர் வாங்குனா நம்பிராதீங்க, ஒரு டப்பாவுல சாதா உப்ப தண்ணி விட்டு கூழாக்கி அது பக்கத்துல மீட்டர வச்சு மூடி ஒரு நாள் விடுங்க, 75 காட்டணும். எனக்க முதல் மீட்டர் 62 காட்டுச்சு. புத்தளத்து உப்பு பொய் சொல்லாது, மீட்டர்தான் சொல்லும்.

பொறவு ஏமாத்து. ஒரு தடவை ஆன்லைன்ல மொரோக்கோ மோசசார் தாடைன்னு ஒண்ணு வாங்குனேன், மோசசார்னா அதுவும் ஒரு பெரிய கடல்பல்லி, ஏழு பல்லு, மண்ணோட சேந்து இருக்கும், பாக்க அம்சமா இருந்து. விக்கவன் பேரு இங்க வேண்டாம். ஒரு நாள் சந்தேகம் வந்து பஞ்சுல அசிட்டோன் தொட்டு பல்லுக்க அடியில தேச்சேன், தாடை எலும்புன்னு நெனச்சது பசையா இளகி பஞ்சுல வந்துட்டு. மணலும் பசையும் கலந்து செஞ்ச தாடை. பல்லு என்னமோ அசல்தான், ஏழும் ஏழு மிருகத்துக்க பல்லு, ஒண்ணு ரெண்டு தலைகீழா வேற நட்டிருந்தான். இது புதுசு ஒண்ணும் இல்ல. 1834ல தாமஸ் ஹாக்கின்ஸ்ங்க ஃபாசில் சேகரிப்பாளர் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வித்த இக்தியோசார்லயே (பாக்க மீன் மாதிரி இருக்க கடல் ஊர்வன) இல்லாத எலும்ப பிளாஸ்டர்ல செஞ்சு சேத்திருந்ததக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்ன 1823ல இங்கிலாந்துல ஃபாசில் தேடி எடுத்த மேரி ஆனிங் ஒரு முழு பிளீசியோசார் எடுத்தப்ப பிரெஞ்சு விஞ்ஞானி கூவியேயே கழுத்து நீளத்தப் பாத்து இது ஒட்டு வேலையோன்னு சந்தேகப்பட்டாரு. அது அசல்னு பொறவு ஒத்துக்கிட்டாரு. பெரிய பெரிய ஆளுங்களுக்கே அப்படின்னா நம்ம எம்மாத்திரம்.

எந்த ஊரு, எந்த அடுக்கு, யாரு எப்ப எடுத்தா, யாருக்க சம்மதத்தோட எடுத்தான்னு காயிதம் இல்லாத அசல் எனக்கு வெறும் கல்லு. அரியலூர்ல பாதி எடம் சிமெண்ட் கம்பெனி சுண்ணாம்புச் சுரங்கம், அங்க பொறுக்கி ரோட்டோரமா விக்கதையும் வாங்காதீங்க, ஸ்கூல் பேரக் கெடுத்துக்கிடாதீங்க.

இனி வார்ப்பு. போலின்னு டீச்சர் சொன்னது எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னு இருந்து. லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல 1905ல இருந்து நின்ன 26 மீட்டர் டிப்பிங்க டைனோசர் எலும்புக்கூடு இருக்குல்லா, அது முழுக்க பிளாஸ்டர் வார்ப்பு. மூணு நாலு தலைமுறை பிள்ளைங்க அதப் பாத்துதான் வாயப் பொளந்திருக்கு. வார்ப்பு சில நேரம் அசலயே மிஞ்சிரும். மேரி ஆனிங் எடுத்த இக்தியோசார் ஒண்ணு, 1819ல ஆராய்ச்சிக் கட்டுரையில வந்தது, லண்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ்ல இருந்து. 1941 மே மாசம் ஜெர்மன்காரன் போட்ட குண்டுல போச்சு. வார்ப்பு எடுத்தாங்கன்னே யாருக்கும் ஞாபகம் இல்ல. பொறவு டீன் லோமாக்ஸும் ஜூடி மாசரேயும் அமெரிக்காவுல யேல்ல ஒண்ணு, பெர்லின்ல ஒண்ணுன்னு ரெண்டு வார்ப்பக் கண்டுபிடிச்சு 2022ல எழுதுனாங்க. எண்பது வருஷத்துக்கு மேல லேபிள் சரியில்லாம மூலையில கெடந்த பிளாஸ்டர். கல்லமேட்ட நெனச்சு நான் பொலம்புகது இதுக்குத்தான்.

எங்க மியூசியத்து இக்தியோசார் தலை எப்படி வந்துன்னு சொல்லுகேன். வெளிய ஒரு எடத்துல இருந்து சிலிகான் மோல்ட் ஒண்ணு இரவல் கெடைச்சு, ஆனா வார்க்க ஆளு இல்ல. கடைசியில கிறிஸ்மஸ் குடிலுக்கு சுரூபம் செய்யுக அண்ணன் ஒருத்தருகிட்ட போனோம், வருஷம் பூரா கோயிலுக்கு மாதா சுரூபமும் டிசம்பர்ல ஒட்டகமும் வார்க்கவரு. மோல்ட்ட கையில வாங்குனதும் முகத்தப் பாக்கல, பொரட்டி அதுக்க உள்ள விரல விட்டு ஒவ்வொரு பல்லுக் குழியா தடவிக்கிட்டே வந்தாரு. "இதுல காத்து நிக்கும் சாரே, மொத்தமா ஊத்தப்பிடாது"ன்னாரு. முதல்ல தயிர் பதத்துல கொஞ்சம் கலக்கி பிரஷ்ஷால பல்லுக் குழியில மட்டும் தட்டித் தட்டி ஏத்துனாரு, அது எறுகுறதுக்குள்ள தேங்காய்ச் சவுரி வச்சு அடுத்த பூச்சு. முக்கா மணி நேரம் கழிச்சு மோல்ட்ட வாழமட்டை உரிக்க மாதிரி ஓரத்துல இருந்து உரிச்சாரு. நூத்துக்கும் மேல பல்லு, ரெண்டு மட்டும்தான் முனை போச்சு. பெயிண்ட் அடிக்கையில மட்டும் சண்டை, அவருக்கு ரோஸ் கலர் வேணும், எனக்கு கல்லு கலர் வேணும். நான் ஜெயிச்சேன், ஆனா ரோஸே நல்லா இருந்திருக்குமோன்னு இப்ப தோணுகு.

வார்ப்புல கொறை இல்லாம இல்ல. பிளாஸ்டர் கனம், விழுந்தா போச்சு, நம்ம ஈரத்துல பூஞ்சை புடிக்கும், பெரிய உருப்படின்னா ஃபைபர் கிளாஸ் போயிருங்க. அசல் எலும்புல நீங்களே மோல்ட் எடுக்க மட்டும் எறங்காதீங்க, சிலிகான் எண்ணெய் எலும்புல ஊறி கறை விழும், மெலிஞ்ச எடம் மோல்ட்டோட கழண்டு வந்துரும், அதெல்லாம் முதல்ல பசை குடுத்து உறுதி பண்ணிட்டுச் செய்யுக வேலை. பசைன்னதும் கடையில உள்ள எறும்பு கடிச்ச மாதிரி ஒட்டுக குயிக் பசைய ஃபாசில்ல போட்டுராதீங்க. பாரலாய்ட் பி-72ன்னு ஒண்ணு உண்டு, அசிட்டோன்ல கரைச்சு பூசலாம், நாளைக்கு தப்புன்னு தெரிஞ்சா அசிட்டோன்லயே கழுவி எடுக்கலாம். எங்க வேலையில திரும்ப எடுக்க முடியாத எதையும் செய்யப்பிடாது.

3டி பிரிண்டப் பத்தி நெறைய எழுத எனக்கு மனசு இல்ல, உண்மையச் சொன்னா. நல்ல விஷயம் உண்டு, பிரிட்டன்ல ஜிபி3டின்னு டைப் ஃபாசில்களுக்க, அதாவது ஒரு இனத்துக்கு முதல்ல பேரு வைக்க ஆதாரமா எடுத்த ஃபாசில்களுக்க ஸ்கேன இலவசமா விட்டிருக்காங்க, அமெரிக்காவுல ஸ்மித்சோனியன் மியூசியமும் 2020ல இருந்து நெறைய தொறந்து விட்டிருக்கு. இறக்கி, வேணுங்க அளவுல சின்னதாக்கியோ பெருசாக்கியோ பிரிண்ட் போடலாம், அசலத் தொடவே வேண்டாம், ஒடைஞ்சா திரும்பப் போடலாம். ஆனா வரி வரியா கோடு தெரியும், பிள்ளைங்க "பொம்மை"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிக்கும், நான் ஒரு பிளீசியோசார் பிரிண்ட கார் டேஷ்போர்டுல வச்சுட்டு களியக்காவிளையில ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் சோறு தின்னுட்டு வந்து பாத்தா கழுத்து தொங்கிப்போய் கும்பிடுக மாதிரி இருந்து. வெளிய ஸ்கூல் ஸ்கூலா தூக்கிட்டுப் போக அதுதான் லாயக்கு. ரூமுல நடுநாயகமா வைக்க இல்ல.

இதெல்லாம் பேசுகோம், ஆனா எனக்க மனசு மாறுன எடம் வேற. ஒரு சனிக்கிழமை தூத்தூர்ல இருந்து ஒரு பையனும் அவனுக்க அப்பாவும் வந்தாங்க. தூத்தூர்காரங்க ஆழ்கடல்ல சுறா புடிக்கதுல பேரு போனவங்கன்னு நான் சொல்ல வேண்டாம். அன்னைக்கு மேசையில ஒரு இக்தியோசார் நட்டெலும்பு வார்ப்பு இருந்து, வட்டமா, ரெண்டு பக்கமும் குழிஞ்சு, ஆழம் கொறஞ்ச பணியாரக்குழி மாதிரி. இந்த மாதிரி எலும்ப வச்சுத்தான் லைடெக்கர் 1879ல நம்ம ஊட்டத்தூர் படிவுல இருந்து இக்தியோசாரஸ் இண்டிகஸ்னு பேரு விட்டாரு. பையனுக்க அப்பா அத எடுத்து கட்டவெரல ஒரு குழியிலயும் நடுவெரல மறு குழியிலயும் வச்சு ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "இது சொறாவுக்க நடுமுள்ளுல்லா, இதுல என்ன மியூசியம்"ன்னாரு.

எனக்கு சிரிப்பும் வந்து, சிலிர்ப்பும் வந்து. அவரு சொன்னது தப்பு, ஆனா என்ன அருமையான தப்பு. சுறாவுக்கும் முள்ளு அப்படியேதான், ரெண்டு பக்கமும் குழிஞ்ச வட்டம். நான் சொன்னேன், அண்ணே இது மீனே இல்ல, மூச்சு விட மேல வாற ஊர்வன, முட்டை போடாம குட்டி போடும், ஜெர்மனியில ஹோல்ஸ்மாடன்ல வயித்துல குட்டியோடயே கல்லானது கெடைச்சிருக்கு. அவரு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப கடல்பன்னி மாதிரி"ன்னாரு. டால்ஃபின. ஆமா, ஆனா கடல்பன்னி வால மேலும் கீழுமா அடிக்கும், இது சுறா மாதிரி பக்கவாட்டுல அடிக்கும்னேன். "அப்ப முள்ளு சொறா மாதிரி இருக்கது சரிதான"ன்னு திருப்பிக் கேட்டாரு பாருங்க, நான் அசந்துட்டேன். அடுத்த வாரம் பையன் ஒரு பழைய பிஸ்கட் டின்ல காய வச்ச சுறா முள்ளு எட்டு கொண்டுவந்து தந்தான். இப்ப எங்க மியூசியத்துல ஆளுங்க ரொம்ப நேரம் நிக்க எடம் அந்த மேசைதான், வார்ப்பு ஒண்ணு, சுறா முள்ளு எட்டு. செலவு ஒண்ணுமே இல்ல.

அதனால அந்த டீச்சருக்கு நான் சொன்னது இதுதான். பெரிய உருப்படி ஒண்ணே ஒண்ணு, சுவரு நெறைய, ஃபைபர் கிளாஸ் வார்ப்பு, இக்தியோசார்னா நல்லது. அசல் வேணும்னா காயிதம் உள்ள அரியலூர் அம்மோனைட் ரெண்டோ மூணோ, பைரைட் இல்லாத சுண்ணாம்புக் கல்லு, அதுல ஒண்ணு கட்டாயம் கையில குடுக்க, மோந்து பாக்கட்டும். பக்கத்துல நாட்டிலஸ் ஓடு வைக்க ஆசை வரும், கன்னியாகுமரி கடைப்பக்கம் போய் வாங்கிராதீங்க, அது வனவிலங்குச் சட்டத்துப் பட்டியல்ல உள்ளது, படம் போதும். பிரிண்ட் ஒண்ணு ரெண்டு பக்கத்து ஸ்கூலுக்கு இரவல் குடுக்க. லேபிள்ல வார்ப்புன்னா வார்ப்புன்னு பெருசா எழுதணும், எதுல இருந்து எடுத்தது, அசல் எங்க இருக்குன்னும். எழுதுனா மதிப்பு கொறையும்னு ஹெச்.எம். நெனைக்காங்களாம், எழுதாட்டாதான் கொறையும்.

ஆனா ஏ.சி.யும் ஜெனரேட்டரும் இருக்க, ஆளு நிரந்தரமா இருக்க காலேஜ்னா நான் வேற மாதிரி சொல்லுவேன், தைரியமா அசலுக்குப் போங்க, பிள்ளைங்களுக்கு ஆராய்ச்சி செய்ய வேணும். ஸ்கூல்னா வருஷத்துக்கு ஒரு டீச்சர் மாறுவாங்க, மே மாசம் பூட்டிக் கெடக்கும், ஜூன்ல ஒழுகும்.

டீச்சர் எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க, கடைசியில "மூணு மீட்டர் உருப்படிக்கு எங்க சுவரு தாங்குமா சார்"னு கேட்டாங்க. சுவரு தாங்கும் டீச்சர், முதல்ல போய் வாசல அளந்துட்டு வாங்க, தலை போக எங்ககிட்ட உள்ள முழு இக்தியோசார் வார்ப்பு வாலுக்கிட்ட மூணா அறுத்துத்தான் உள்ள வந்துன்னு சொன்னேன்.